கம்பி இல்லாத பூட்டு

அந்தச் சாவியால் ஒரு காரியமும் நடக்கவில்லை. திருகினாலும் ஒன்றுதான், திருகாவிட்டாலும் ஒன்றுதான். ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையிலும் மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, பெரிய கங்காணியார் வீட்டு வாசலில் போய் நின்று, அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வருவார். சாயங்காலம் அதே மாதிரி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பார். கார் சாவியில் ஓடவில்லை, சுவிட்சில்தான் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது மற்றதெல்லாம்தான்.

எங்கள் தோட்டம் பொகவந்தலாவைக் கடைவீதிக்கு மேலே, பஸ் ஏறாத மலையில் இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் போன பிள்ளை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதுவரை கிடையாது. எங்கள் குடும்பத்திலோ எழுத்துத் தெரிந்த ஆளே கிடையாது. நான் போனேன். வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் போட்டுக்கொண்டு, கடைவீதிக்கு வாடகைக்கு ஓடப் போகும் காரின் முன் இருக்கையில், மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் பாதையோரம் ஒதுங்கி நின்று, "தொரசாணி போறாங்க, வழி விடுங்கடி" என்று சிரிப்பார்கள். கேலி என்று தெரியும். இருந்தாலும் பிடிக்கும்.

மாமா, அம்மாவின் தம்பி. காரை ஓட்டுவது மட்டும்தான் அவர். கார் பெரிய கங்காணியாருடையது. சீமைக்குத் திரும்பிப் போன பழைய துரை விட்டுவிட்டுப் போன கறுப்புக் கார் அது. ஒரு காலத்தில் எங்கள் லயங்களில் இருந்த அத்தனை பேரும் பெரிய கங்காணியார் பேரில் வேலை செய்தவர்களாம். அவர் சொன்னால்தான் வேலை, அவர் சொன்னால்தான் கல்யாணம். நான் விவரம் தெரிந்து பார்க்கும்போது சம்பளத்தை ஆபீசில் நேரே கொடுத்தார்கள், சண்டை என்றால் சங்கத்துக்குப் போனார்கள். அதனால் அவருக்கு என்ன குறைந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நான் பார்த்த பெரிய கங்காணியார் அப்போதும் கறுப்புக் கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையுமாகத்தான் வெளியே வருவார். கோட்டுப் பையிலிருந்து ஒரு வெள்ளிச் சங்கிலி வெளியே தொங்கும். மற்ற பெரிய மனிதர்களுக்கு அந்த மாதிரிச் சங்கிலியின் நுனியில் கடிகாரம் இருக்கும். இவருக்குக் கார்ச் சாவி. அதைப் பைக்குள் போட்டு நான் பார்த்ததில்லை. எல்லாரும் பார்க்கிற மாதிரி கோட்டின் மேல் ஆடிக்கொண்டிருக்கும்.

காரில் சாவி போடும் பூட்டு தேய்ந்துபோயிருந்தது. அதுதான் தொடக்கம். பாதையில் குழி விழுந்த இடங்களில் கார் குலுங்கினால், பூட்டுக்குள்ளே சாவி ஆடி, ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சின் சட்டென்று நின்றுவிடும். ஒருநாள் கங்காணியம்மா பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, கொண்டை ஊசி வளைவில் அப்படி நின்று, கார் பின்னால் உருள ஆரம்பித்தது. கங்காணியம்மா முருகனைக் கூப்பிட்ட சத்தம் எதிர்மலையில் கேட்டது என்று லயத்தில் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் வாசலில் விசாரணை நடந்தது.

"ஐயா, பூட்டு தேஞ்சு போச்சுங்க" என்றார் மாமா.

"ஏம் பூட்டா தேஞ்சிச்சு? ஓட்டுற கையி தேஞ்சிருக்கும்."

"அட்டன்ல கராஜ்ல கேட்டேங்கய்யா. இந்தக் காருக்கு இனிமே பூட்டு வராதாம். சாவிய எடுத்துட்டு சுவிட்சு போட்டுக்கிறச் சொல்றாங்க."

பெரிய கங்காணியார் சங்கிலியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு, "சாவி இல்லாம ஓடுனா, அது யாரு காருன்னு எப்பிடிடா தெரியும்?" என்றார்.

காரைப் பார்த்தாலே யாருடையது என்று தோட்டம் முழுக்கத் தெரியும். இதைக்கூட யோசிக்காமல் கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமாவும் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைத்தண்ணீர் கொட்டுகிற, கார் கழுவுகிற பீலிக்கரையில் மாமா வேலையை ஆரம்பித்தார். நான் பள்ளிக்கூடச் சட்டையைத் துவைக்கப் போயிருந்தேன். புது துரை வந்ததும் பங்களாவில் இருந்த பழைய சுவிட்சுகளைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். உருண்டையான பழுப்பு நிறச் சுவிட்சுகள். அவற்றில் மூன்றும், சமையல்கார அப்புவைக் கூப்பிடத் துரை அமுக்குகிற மணிப் பொத்தான் ஒன்றும் மாமாவின் துணிப்பையிலிருந்து வெளியே வந்தன. தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை அளவாக அறுத்து, நான்கையும் வரிசையாகப் பொருத்தி, பலகைக்கு விளக்குக் கரி பூசி, காரின் முன்பக்கத்துக்கு அடியில், உட்கார்ந்தவரின் முழங்காலுக்கு மேலே மறைவாக இறுக்கினார். பூட்டின் பின்னால் இருந்த கம்பிகளையெல்லாம் அறுத்து இந்தப் பலகைக்குக் கொண்டுவந்தார். முதல் சுவிட்சு எஞ்சினுக்கு. இரண்டாவது முன் விளக்குக்கு. மணிப் பொத்தான் ஹார்னுக்கு. அதை அமுக்கும்போதெல்லாம் மாமா, "அப்பு, டீ கொண்டா!" என்பார்.

"மூணாவது எதுக்கு மாமா?"

"அது சும்மா. பாக்க லட்சணமா இருக்கட்டும்னு."

அந்த வருஷம்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பேட்டரியும் மின்குமிழும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மின்சாரம் வட்டமாக ஓட வேண்டும், எங்காவது அறுந்தால் ஓடாது. ஈரக் கையால் கார்க் கதவில் வட்டம் போட்டு மாமாவுக்கு அதை விளக்கினேன். மாமா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, கம்பி எதுவும் இல்லாத அந்தப் பழைய பூட்டை எடுத்து, துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து ஆணி முறுக்கினார்.

"அது எதுக்கு? அதுல ஒண்ணுமே இல்லையே."

"இருக்கட்டும் மருமகளே."

"அந்த மூணாவது சுவிட்சு மாதிரியா?"

மாமா யோசித்தார். "இல்ல. அது வேற, இது வேற" என்றார்.

அது எப்படி வேறாகும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் கம்பி கிடையாது.

மறுநாள் காலையிலிருந்து அந்த நாடகம் தொடங்கியது. பெரிய கங்காணியார் வீட்டு முற்றத்தில்தான் காரின் தகரக் கொட்டகை. அவர் வாசல் தாழ்வாரத்தில், இஸ்தோப்பில், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மாமா சாவியைப் பூட்டில் நுழைத்து வலது கையால் பெரிதாகத் திருகுவார். அதே நேரத்தில் இடது கை பலகைக்கு அடியில் போய்ச் சுவிட்சைத் தட்டும். பங்களாச் சுவிட்சு சும்மா இருக்குமா? 'டக்' என்று சுவரில் தட்டுகிற மாதிரிச் சத்தம் போடும். அந்தச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க மாமா சரியாக அந்த நொடியில் இருமுவார். தினமும் கார் எடுக்கும்போது மட்டும் வருகிற இருமலைப் பார்த்து, கங்காணியம்மா மனம் கேட்காமல் கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். மாமா அதையும் குடித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

"ஏன் மாமா, சுவிட்சு போட்டாச்சுன்னு சொல்லிற வேண்டியதுதானே?"

"சொல்லி?"

"சொன்னா, சாவி வாங்கப் போக வேணாம். இரும வேணாம்."

"ம்" என்றார் மாமா. கார் மட்டும் அதன் பிறகு எந்த வளைவிலும் நிற்கவில்லை. "பாத்தியா, கையப் பழக்குனா எல்லாம் சரியாயிரும்" என்று பெரிய கங்காணியார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூசை வந்தது. கவ்வாத்துக் கத்தியிலிருந்து கொழுந்துக் கூடை வரைக்கும் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைக்கிற நாள். காரைக் கழுவி, தகரக் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். கங்காணியம்மா சந்தனக் கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்து, வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அம்மா அப்போது நிறைமாதத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். சக்கரம், விளக்கு, கதவு, பூட்டு என்று ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள் நின்றாள். சுவிட்சு விஷயத்தை அவளிடம் மட்டும் நான் சொல்லியிருந்தேன்.

"தம்பி, வண்டிய எதுடா ஓட்டுது?"

மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாக, "அதுக்கு வைக்காதக்கா. ஐயா பாத்துட்டா?" என்றார்.

"வருஷம் பூராவும் வேலை செய்யிற சாமானுக்கு வைக்காம, வெட்டியா இருக்கிற பூட்டுக்கு மட்டும் வச்சா, சாமி சும்மா விட்டுருமா? எங்க இருக்கு, காட்டு."

வயிற்றைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க உள்ளே குனிந்து, கையைப் பலகைக்கு அடியில் விட்டு நான்குக்கும் பொட்டு வைத்தாள். ஒன்றுமே செய்யாத மூன்றாவது சுவிட்சுக்கும் வைத்தாள். நான் சொல்லியும் கேட்கவில்லை.

பூசை முடிந்ததும் பெரிய கங்காணியார் காரில் ஏறினார். ஆண்டுக்கு ஒருமுறை, இந்த நாளில் மட்டும், காரை அவரே திருகி ஸ்டார்ட் பண்ணுவார். மாமா இதை மறந்துவிட்டாரோ என்னவோ, அப்போதுதான் முகம் மாறியது. ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் தலையையும் கையையும் உள்ளே விட்டு, "குளிருல கிடந்த வண்டிங்கய்யா, நான் கொஞ்சம் பிடிச்சுக்கிறேன்" என்றார். பெரிய கங்காணியார் சாவியைத் திருகினார். மாமா இருமினார். எஞ்சின் உறுமியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

இறங்கும்போது பெரிய கங்காணியார் பிடிமானத்துக்காகக் கையைப் பலகைக்கு அடியில் கொடுத்து எழுந்தார். கையை எடுத்தபோது விரலில் ஈரச் சந்தனம். அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த விரலைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

எதிரில் கிண்ணம் நிறையச் சந்தனம் இருந்தது. யாராவது பலகைக்கு அடியிலிருந்து எடுத்து நெற்றியில் வைப்பார்களா? குனிந்து அங்கே என்ன இருக்கிறது என்றும் அவர் பார்க்கவில்லை. நேரே வீட்டுக்குள் போய்விட்டார்.

"மாமா, ஐயா கண்டுபிடிச்சுட்டாங்க."

"இல்ல."

"விரல்ல சந்தனம்…"

"இல்ல புள்ள. அவங்க ஒண்ணும் பாக்கல." மாமாவின் முகம் விபூதி மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் சாவி வழக்கம்போலக் கிடைத்தது. "பாத்து ஓட்டு" என்றார் பெரிய கங்காணியார். அது எப்போதும் சொல்வதுதான். கொத்தமல்லித் தண்ணீரும் வந்தது. அப்படியானால் மாமா சொன்னதுதான் சரி, அவர் பார்க்கவில்லை என்று நானும் முடிவுக்கு வந்தேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் அம்மாவுக்கு வலி கண்டது. அன்று பள்ளிக்கூடம் இல்லை. விடிந்ததிலிருந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் பெண்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். உச்சிவேளையில் தோட்டத்து மருத்துவச்சி வெளியே வந்து அப்பாவைப் பார்த்து, "புள்ள குறுக்க கிடக்கு. இங்க வச்சு ஒண்ணும் பண்ண ஏலாது. கீழ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, இப்பவே" என்றார்.

தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு அட்டன் ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. மிஞ்சியது கார்தான். ஆனால் பெரிய கங்காணியார், பெட்ரோல் செலவைப் பார்த்து, காலையிலேயே பஸ்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் வெளியூர் போனால் சாவியும் கோட்டோடு போய்விடும். கார் கொட்டகையில் நிற்கும்.

அம்மாவைக் கம்பளியில் கிடத்தி, நான்கு முனையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு, மழையில் கங்காணியார் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். லயமே பின்னால் வந்தது. கங்காணியம்மா ஓடிவந்து அம்மாவைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஐயோ, சாவி ஐயா கோட்டுல போயிருச்சே! இப்ப என்னாப்பா பண்றது?"

"யாராச்சும் ஓடுங்கப்பா! சாவிய வாங்கிட்டு வாங்க!" என்று கத்திய அப்பா, யாரும் நகர்வதற்குள் தானே பாதையில் இறங்கி ஓட ஆரம்பித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

எனக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஒரு தட்டுத் தட்டினால் கார் ஓடும். மாமா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்தைப் பார்த்தார், கங்காணியம்மாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். ஏறவில்லை. அக்காள் மழையில் கிடக்கிறாள், கார் ஓடும் என்று தெரிகிறது, பிறகு எதை நினைத்து இப்படி நிற்கிறார்?

கம்பளிக்குள்ளிருந்து அம்மா, "தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

மாமா ஏறி உட்கார்ந்தார். ஏறியதும் அவர் செய்த காரியம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. வலது கையின் விரல்களைச் சாவி பிடிப்பது போலக் குவித்து, பூட்டின் மேல் வைத்து, வெறும் கையைப் பெரிதாகத் திருகினார். இடது கை கீழே போனது. இருமினார். எஞ்சின் பிடித்தது.

"சாவி எப்பிடி?" என்று யாரோ கேட்டார்கள்.

"இருக்கு, இருக்கு. ஏத்துங்க!"

அம்மாவையும் மருத்துவச்சியையும் பின்னால் ஏற்றினார்கள். நான் தினமும் உட்காருகிற முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன். என்னை இறக்கிவிட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தோட்டத்துப் பாதையின் கீழ்முனையில் ஓடிக்கொண்டிருந்த அப்பாவைப் பிடித்து ஏற்றினோம். மூச்சிரைக்க ஏறிய அப்பா, "சாவி எங்கருந்துடா வந்துச்சு?" என்றார்.

"கிடைச்சிச்சு மச்சான்."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

கடைவீதியைத் தாண்டி, ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் ஆறுமாகப் போகிற ஒடுங்கிய பாதையில், வளைவு ஒன்றில் எதிரே பஸ் வந்து நின்றது. இரண்டுக்கும் இடம் கிடையாது. யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். மாமா ஹார்னை அமுக்கினார். அன்று அப்புவைக் கூப்பிடவில்லை. பஸ்ஸின் முன் இருக்கையில் வெள்ளைத் தலைப்பாகை ஒன்று தெரிந்தது.

மாமாவின் கை ஹார்னிலிருந்து விழுந்தது. "முருகா" என்றார்.

பெரிய கங்காணியார் பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை விரித்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். பஸ் ஜன்னல் ஒவ்வொன்றிலும் தலைகள். பாதிப் பேர் எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். அவருடைய கார், அவர் இல்லாமல், அவர் கோட்டில் சாவி ஆடிக்கொண்டிருக்க, உறுமிக்கொண்டு நிற்கிறது. நானே அதைப் பார்த்தேன். வெள்ளிச் சங்கிலியும் அதன் நுனியில் சாவியும், மழையில் நனைந்து மினுங்கிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஆடின.

ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்ததும் மாமா, "ஐயா…" என்று ஆரம்பித்தார். பெரிய கங்காணியார் பின்னால் எட்டி அம்மாவைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். அதில் சாவி இல்லை. மாமாவைப் பார்த்தார். பிறகு, குடை பிடிக்காத கையால், யாருக்கும் தெரியாமல் கோட்டைச் சரிசெய்கிற மாதிரி, சங்கிலியைச் சுருட்டிச் சாவியோடு பைக்குள் தள்ளினார்.

அதற்குப் பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "காலையில நான் குடுத்துட்டுப் போன சாவியப் பத்திரமா வச்சிருக்கியாடா?"

"வச்சிருக்கேங்கய்யா."

"பெறகு என்னாத்துக்கு நிக்கிற? புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு! போ!"

திரும்பிப் போய், பஸ் டிரைவரிடம் சிங்களத்தில் அதட்டிப் பஸ்ஸைப் பின்னால் எடுக்க வைத்தார். மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் கீழே இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பது மலைப்பாதை வழக்கம். டிரைவர் அதைச் சொல்லிப் பார்த்தார். பெரிய கங்காணியார் காதில் வாங்கவில்லை. மழையில் நின்று, குடையை ஆட்டி ஆட்டி, அந்தப் பெரிய பஸ்ஸை வளைவு தாண்டும் வரைக்கும் பின்னால் அனுப்பினார். நாங்கள் போனோம்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போன தாதி, ஏன் இவ்வளவு நேரம் என்று சிங்களத்தில் அப்பாவைத் திட்டினாள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெகுநேரம் கழித்து அதே தாதி வந்து, பையன் என்றாள், இரண்டு பேருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை என்றாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். நல்ல செய்திக்கு ஏன் அழுகிறார் என்று கேட்கத் திரும்பினேன். மாமாவும் அழுதுகொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினார். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். ஐயா ஏன் அப்படிச் சொன்னாங்க? சாவி அவங்க கிட்டத்தானே இருந்தது? அவங்க குடுக்கவே இல்லையே? பொய்தானே அது? மாமா பாதையை மட்டும் பார்த்து ஓட்டினார்.

கங்காணியார் வீட்டு முற்றத்தில் லயத்து ஆட்கள் செய்தி கேட்கக் காத்திருந்தார்கள். பையன் என்று தெரிந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். பெரிய கங்காணியார் இஸ்தோப்பில் நாற்காலியில் இருந்தார். பஸ்ஸில் வந்தவர்கள் கதையைப் பரப்பியிருந்தார்கள். "எப்பிடித்தான் தெரிஞ்சிச்சோ, இன்னைக்குன்னு பாத்து சாவிய விட்டுட்டுப் போயிருக்காங்க நம்ம ஐயா" என்று ஒரு கிழவர் சொல்லிக்கொண்டிருந்தார். கங்காணியம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மத்தியானம் அவர் வாயால் சொன்னதை அவரும் மறந்துவிட்டார், மற்றவர்களும் மறந்துவிட்டார்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் அது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு படிக்கட்டின் கீழே போய் நின்றார். கொடுக்க அவரிடம் என்ன இருந்தது? நான் பக்கத்தில்தான் நின்றேன். இப்போது மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

மாமா வலது கையைப் பொத்தி, இடது கையை அதன் கீழே தாங்கி, குனிந்து நீட்டினார். பெரிய கங்காணியார் நாற்காலியை விட்டு எழுந்தார். மாமாவிடம் சாவி வாங்க அவர் ஒருநாளும் எழுந்ததில்லை. ஒற்றைக் கையைத்தான் நீட்டுவார். அன்று இரண்டு கையையும் ஏந்தினார். மாமாவின் கை அதற்குள் திறந்தது. அவர் கை மூடியது. மூடிய கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு, வெளியே எடுத்தபோது சங்கிலியும் சாவியும் பழைய இடத்தில் தொங்கின.

"போயி சாப்பிடு" என்றார்.

மாமா கையில் ஒன்றுமில்லை. நான் பார்த்தேன். அவர் கையிலும் ஒன்றுமில்லை. பெரியவர்கள் இரண்டு பேர், அத்தனை பேருக்கு முன்னால், ஒன்றுமில்லாததை இவ்வளவு பயபக்தியோடு கொடுத்து வாங்குவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இப்போது நான் பிள்ளைகளுக்குப் பேட்டரியும் மின்குமிழும் சொல்லிக் கொடுக்கிறேன். வட்டம் போட்டு, எங்காவது அறுந்தால் ஓடாது என்று சொல்கிறேன். சில நாட்களில் கரும்பலகைக்கு முன்னால் சுண்ணாம்புக்கட்டியோடு கொஞ்சம் நின்றுவிடுகிறேன்.

தம்பி பிறந்ததற்கு அடுத்த பள்ளிக்கூட நாளில் மாமா சாவி வாங்கப் போனபோது பெரிய கங்காணியார் அதைக் கொடுத்துவிட்டு, "பூட்டு மழைக்கு எறுகிப் போயிருக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டுக்க" என்றார்.

"விட்டுர்றேங்கய்யா."

மாமா உண்மையிலேயே எண்ணெய் விட்டார். கோழியிறகை எண்ணெயில் தோய்த்து, பூட்டின் வாயில் பொறுமையாகத் தடவினார். சாவியைப் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். மறுபடி தடவினார். இஸ்தோப்பிலிருந்து பெரிய கங்காணியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அதுல கம்பியே இல்ல. எண்ணெய் எதுக்கு?"

"லேசாத் திரும்பணும்ல, மருமகளே."

திரும்பி என்ன ஆகப் போகிறது? கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்து, இருமி, காரை எடுத்தார். நான் சட்டை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். பாவம், இவ்வளவு வயதாகியும் இவர்களுக்கு இது விளங்கவில்லையே என்றிருந்தது. அந்தக் காரில் எது எதோடு சேர்ந்து ஓடுகிறது என்று அந்த மலையிலேயே சரியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பில், கடைவீதி வரைக்கும் தலையைக் குனியாமல் போனேன்.